இறந்த இடம்: வாலிநோக்கம்

மூக்கையூர் வி.ஏ.ஓ.
காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார்.
தாள் பறக்காமலிருக்க ஒவ்வொரு கட்டின் மேலும்
ஒரு சங்கு.

"எங்க செத்தாரு?"
கடல்ல.
"கடல் என் கிராமக் கணக்குல வராதும்மா.
உடம்பு எங்க ஒதுங்குச்சு?"

உப்பளத்துக்கு மேற்கே ஒதுங்கியது.
கரைவலை இழுத்தவர்கள் பார்த்து
போலீசுக்குச் சொன்னார்கள்.
போலீஸ் எங்களுக்குச் சொன்னது.
"அப்ப அவரு வாலிநோக்கத்துல செத்தாரு.
அங்க போ."

உயிரோடு இருந்த காலத்தில்
வாலிநோக்கத்துக்கு அவர் ஒரே முறைதான் போனார்,
ஒரு பழைய மோட்டார் விலை பேச.
படியவில்லை.

மாசத்தில் பன்னிரண்டு நாள்தான்
பாசி எடுக்கக் கடலில் இறங்குவோம்.
அதில் நாலு நாள் இந்தத் தாளுக்குப் போனது.
முதல் நாள் அவர் கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்.
இரண்டாம் நாள் வந்தார்,
பிரேதப் பரிசோதனைத் தாளில் சீல் இல்லை என்றார்.
மூன்றாம் நாள்
விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துவிட்டு
படிவத்தைப் பிடித்தேன்.
பாறை கிழித்த இடத்திலிருந்து
ஓரத்தில் ஒரு பொட்டு ஒட்டியது.
"பரவால்ல, எழுது."

தகப்பன் பெயர். தாய் பெயர்.
புகை பிடிப்பவரா, எத்தனை வருடமாக?
புகையிலை மெல்பவரா, எத்தனை வருடமாக?
பாக்கு, எத்தனை வருடமாக?
மது, எத்தனை வருடமாக?
அவரை நான் இவ்வளவு விவரமாக
யாரிடமும் காட்டிக்கொடுத்ததில்லை.
நீந்தத் தெரியுமா என்று மட்டும்
எந்தக் கட்டமும் கேட்கவில்லை.

நாலாம் நாள் சான்றிதழ் வந்தது.
சே. இன்பாசி, வயது 41, ஆண்.

இன்னாசி சார், என்றேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார்.
"உன் எழுத்துல ன்னா, ப்பா மாதிரிதான இருக்கு."
இருந்தது.
துணைக்கு வந்த நாத்தனார் மதலேன்
முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.
"இத்தனை வருசம் பாசி எடுத்து
கடைசில எங்கண்ணனையே பாசியாக்கிட்டியே மைனி."
நாற்பது நாளில் முதல் தடவையாகச் சிரித்தோம்,
வெளியே போய், உடைமர நிழலில்,
மூக்கு ஒழுகும்வரை.

சாயல்குடி நோட்டரி.
இருபது ரூபாய்ப் பத்திரம்.
இன்னாசியும் இன்பாசியும் ஒரே ஆள்தான்
என்று நான் சத்தியம் செய்தேன்.

"திருத்துறப்பவே சொல்லிரு,
வேறெதும் தப்பு இருக்கா?"

இருந்தது.
வத்தை கவிழ்ந்தது வெள்ளிக்கிழமை விடியல்,
கச்சான் திடீரென்று திரும்பியபோது.
தாளில் இறந்த நாள் திங்கள்.
"உடம்பு கிடைச்ச நாளத்தான் போடுவோம்.
கூடப் போனவங்க எழுதிக் குடுத்தா மாத்தலாம்."
கூடப் போன ரெண்டு பேரில்
அமலதாசு கொல்லம் போய்விட்டான்.
இன்னொருவன் என்னைக் கண்டால்
தெரு மாறி நடக்கிறான்.

வெள்ளி, சனி, ஞாயிறு.
மூன்று நாளும் அவருக்கும் சேர்த்தே உலை வைத்தேன்.
சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பேன், புளிக்கும்,
கொட்டிவிட்டு மறுபடி வைப்பேன்.
எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள்.
இப்போது பார்த்தால்
சர்க்காரும் என்னோடு உட்கார்ந்து
காத்திருந்திருக்கிறது.

பேரு மட்டும் மாத்துனா போதும் சார், என்றேன்.

"பத்து நகல் எடுத்து வச்சுக்க,
எல்லாரும் கேப்பாங்க."
கேட்டார்கள்.
சங்கம், வங்கி, மீனவர் வாரியம், ரேஷன் கடை,
வத்தைக்குக் கடன் கொடுத்தவர்.
அவர் மட்டும் படித்துப் பார்த்துவிட்டு
திருப்பிக் கொடுத்தார், ஒன்றும் சொல்லாமல்.

பழைய தாளைக் கிழிக்கப் போனபோது
மதலேன் கை நீட்டினாள்.
அவர் யோசித்தார்.
சிவப்பு மையில் குறுக்கே ஒரு முத்திரை குத்தி
எதற்கும் ஆகாது என்று சொல்லிக் கொடுத்தார்.

அவள் வீட்டுச் சுவரில்
சந்தியாகப்பர் படத்துக்குப் பின்னால்
அது செருகியிருக்கிறது.

சே. இன்பாசி, வயது 41.
இறந்தது: ரத்து.