எண்பத்திரண்டு யூரோ

எண்பது யூரோ, அதற்குமேல் கிடையாது
என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினேன்.
ரீகாவில், ரயிலடிக்குப் பின்னால், இல்க்வார்ஸின் நிலவறைக் கடை.
மூடிப்போன காப்பீட்டு அலுவலகத்தின் கணினிகள்
ஈரக் கோட்டு வாசனையில் ஒன்றன்மேல் ஒன்றாய்.

கடிதம், மின்கட்டணம்,
மொழிபெயர்ப்புக்கு வரும் மருந்துக் குறிப்புகள், அவ்வளவுதான் வேலை.
முதல் கணினி
மகள் அவ்ஸ்மாவுடையதாகி மூன்று மாதம்.
கேட்டால் கதவைச் சாத்துகிறாள்.

"நினைவகம் எட்டு, போதும். வட்டு மட்டும் புதிது போடுங்கள்."
யாருடைய மேசைத் தூசியையோ விசிறியிலிருந்து
வாசல் பனிமேல் ஊதித் தள்ளினார்.

வீட்டில் முடுக்கினேன்.
திரையோரம்
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.
உள்ளே பொத்தான் மின்கலம் செத்திருக்கிறது.
இரண்டு யூரோ. ஆக எண்பத்திரண்டு.
நாளை மாற்றலாம்.

இன்றிரவு
இந்தப் பெட்டியின் கணக்கில்
அவ்ஸ்மாவுக்கு இன்னும்
கதவுப்பிடி எட்டவில்லை.