ஐந்து ஆம்பியர்

மாதம் பிறந்ததும் வந்துவிடுவான்
ஜெனரேட்டர்காரர் அபூ நஸ்ரியின் ஆள்.
எச்சில் தொட்டு டாலரை எண்ணிவிட்டுச்
சீட்டில் கிறுக்குவான்: ஐந்து ஆம்பியர்.

பெய்ரூத்தில் எங்கள் வீட்டின் அகலம் அவ்வளவுதான்.

கெட்டில் கொதிக்கையில் இஸ்திரி கூடாது.
ஃபவாஸ் தலை உலர்த்தினால்
வாஷிங் மெஷின் அரைநுரையில் காத்திருக்கும்.
யாராவது மறந்தால்
டக்.
பிறகு ஆறு மாடி இறங்கிப் போய்
தெருமுனைப் பெட்டியில் எங்கள் பெயர் ஒட்டிய சுவிட்சை
மேலே தள்ள வேண்டும்.
இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில்
பணத்துக்குப் போட்ட சண்டை குறைவு,
"கெட்டிலை யார் போட்டது?" என்ற சண்டை அதிகம்.

எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தப் பழைய ஃப்ரிட்ஜ்.
கல்யாணத்துக்கு என் அண்ணன் தந்தது.
மோட்டார் முனகி எழும்போதெல்லாம்
வீட்டு விளக்குகள் ஒரு கணம் தலைகுனியும்,
யாரோ பெரிய மனிதர் கடந்துபோவதுபோல.
ரப்பர் விளிம்பு தளர்ந்து
கதவுக்கு நாற்காலி முட்டுக்கொடுத்திருந்தோம்.
ஐந்தில் இரண்டை அதுவே தின்றது,
மிச்சத்தில் நாங்கள் குடியிருந்தோம்.

போன மாதம் புர்ஜ் ஹம்மூதில் நுபாரின் கடை.
முதலில் அவர் காட்டியது இரண்டு கதவுக்காரி:
கண்ணாடி முகம், ஐஸ் கொட்டும் வாய்.
ஃபவாஸ் அதன் கைப்பிடியை விடவே இல்லை.
நான் குனிந்து ஸ்டிக்கரைப் படித்தேன்,
பச்சையில் தொடங்கிச் சிவப்பில் இறங்கும் படிக்கட்டு.
மாப்பிள்ளையின் சம்பளம் விசாரிப்பதுபோல
ஒவ்வொன்றாக விசாரித்தேன்,
ஸ்டார்ட் ஆகும்போது எவ்வளவு இழுக்கும்?

மூலையில் ஒல்லியாக நின்றது ஒன்று.
இன்வெர்ட்டர் மோட்டாராம்.
"இது திடுக்கென்று எழாது மதாம்,
தூங்கினால்தானே எழுவதற்கு" என்றார் நுபார்.
விலை மட்டும் இருநூற்று நாற்பது டாலர் கூடுதல்.

பழைய ரசீதின் முதுகில் கணக்குப் போட்டேன்.
நாலு வருடம் மூன்று மாதத்தில்
போட்ட காசு திரும்பிவிடும்.

ஃபவாஸ் சீட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.
கூட்டலைச் சரிபார்க்கிறார் என்று நினைத்தேன்.
"நாலு வருடம் நாம் இங்கே இருப்போமா?" என்றார்.

நுபார் தூசியே இல்லாத ஒரு கதவைத் துடைக்கத் தொடங்கினார்.

மகள் லமீஸ் மான்ட்ரியலில்.
அவள் அனுப்பிய படிவம் எங்கள் மேஜை இழுப்பறையில்,
அவர் பக்கம் நிரம்பியிருக்கிறது, என் பக்கம் வெறுமை.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
ஃப்ரிட்ஜைப் பற்றிப் பேசினோம்.
"கேரண்டி எத்தனை வருடம்?"
"மோட்டாருக்குப் பத்து."
"பத்து" என்றேன் ஃபவாஸிடம்,
ஏதோ நானே கொடுக்கிற மாதிரி.

வந்த அன்று ராத்திரி
அதை ஓடவிட்டு இஸ்திரியைப் போட்டேன்.
டக் வரும் என்று
இருவரும் சமையலறை நடுவில் நின்றோம்.
படியிறங்க அவர் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டார்.
வரவில்லை.
ஒரு சட்டைக் காலர் சூடாக நிமிர்ந்தது, அவ்வளவுதான்.

பழையது கொழுந்தன் முன்திரின் கராஜில்
பெப்ஸியும் தர்பூசணியும் வைத்துக்கொண்டு
இப்போதும் முனகுகிறதாம்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டேன்,
ஆறு அவன் வீட்டுப் பக்கம் ஓடுகிறது.

புதியதில் ஒரே ஒரு குறை.
பழையதன் குறட்டை நின்றால்
கரண்ட் போனது தூக்கத்திலேயே தெரிந்துவிடும்.
இதுவோ இருந்தாலும் மௌனம், போனாலும் மௌனம்.
நடுராத்திரி எழுந்து
கதவை விரலளவு திறந்து பார்க்கிறேன்.
லப்னே கிண்ணத்தின்மேல் வெளிச்சம்.
இருக்கிறது.

நேற்று எனக்கு முன்பே ஃபவாஸ் அங்கே நின்றிருந்தார்,
கதவு அகலத் திறந்திருக்க,
கையில் அந்தப் படிவம்.

"மூடுங்கள்" என்றேன்,
"குளிர் வீணாகிறது."