ஒன்பதாம் உடுப்பு

அழைப்பிதழில் 'இளவேனில் தொகுப்பு' என்று போட்டிருந்தது.
வெளியே வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது.
டச்சுக்குடாப் பக்க மண்டபத்தில்
இரண்டு ஏசியில் ஒன்றுதான் மூச்சுவிட்டது.

நான் ஊசிக்காரி.
வாயில் குண்டூசிகள், இடுப்பில் ஒரு காந்தம்.
தேவதைகள் மேடையில் அவிழாமல் பார்ப்பது என் பொறுப்பு.

"இந்த வருஷம் உலகம் முழுக்கக் கதைக்குள்ள போகுது,"
என்றாள் ஜெனோஷா.
"இறக்கை, காளான் தொப்பி, தவளைப் பொத்தான்.
எங்களிட்டயும் கதை இருக்குத்தானே?"
இருந்தது.
அளவெடுத்தோம்.

முதலாவது கடற்கன்னி.
நாலாயிரம் செதிலையும் மடியில் வைத்து
கிண்ணியாப் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்தாள் ரிஸ்லா.
எல்லாம் பிளாஸ்டிக்.
நிஜச் செதில் தைத்துப் பார்த்தோம்தான்;
மூன்றாம் நாள் பூனைகள் வந்தன.

நாலாவது,
ஏழு கடலுக்கு அப்பால் கிளிக்குள் உயிரை ஒளித்தவனின் அங்கி.
கறுப்பு. நெஞ்சில் வெறும் பை மட்டும்.
நிலோஜன் அதில் போனை வைத்துவிட்டான்.
மேடை நடுவே அது அதிர்ந்தபோது
அவன் முகத்தைப் பார்த்தேன்:
உயிர் அங்கேதான் இருந்தது.

ஒன்பதாவது காடு.
பன்னிரண்டு முழம் இழுபடும் பச்சை ஓர்கன்சா,
விளிம்பில் காலையில் பறித்த அகத்தி இலை.
தைக்க நேரமில்லை,
கடைசி ஏழு கொத்தையும் ஊசியால் குத்தி அனுப்பினேன்.
உடுத்தவள் தர்மிலா,
கிழமை நாட்களில் தண்ணீர் பில் வாங்கும் கவுண்டரில் இருப்பவள்.
குதியுயர்ந்த செருப்பு அவளுக்கு அன்றுதான் முதல்.

பாதி தூரத்தில் கரண்ட் போனது.

சனம் போன் வெளிச்சங்களைத் தூக்கிப் பிடித்தது.
காற்றுக்காகத் திறந்திருந்த பக்கக் கதவால்
மான் ஒன்று உள்ளே வந்தது,
பஸ் நிலையத்தில் சோற்றுப் பார்சல் தாள் தின்னும் அதே மான்,
கொம்பில் ஒரு துண்டு நைலோன் கயிறு.
காட்டை வாலிலிருந்து தின்னத் தொடங்கியது.

தர்மிலா நடந்தாள். மானும் மென்றபடி நடந்தது.
கைதட்டல்.
ஜெனோஷா வாயில் கை வைத்துச் சிரிக்கிறாளா, அழுகிறாளா,
இருட்டில் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது ஏழு ஊசி.

நாலு காலில் மேடைக்கு ஊர்ந்தேன்.
கறுப்புச் சட்டை, குனிந்த முதுகு,
ஆமை என்று நினைத்திருப்பார்கள், அதற்கும் தட்டினார்கள்.
காந்தத்தை மானின் தாடைக்கு முன்னால் நகர்த்தினேன்.
ஒன்று. மூன்று.
அதன் மூச்சு என் மணிக்கட்டில் சூடாக, புளித்த வாசனையோடு.
ஐந்து. ஆறு.

ஏழாவது இல்லை.

இரவு முழுக்க அதன் தொண்டையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
விடிய, குளிக்கும்போது,
என் முழங்காலில் இருந்தது,
தலை மட்டும் வெளியே, பனித்துளி அளவு வெள்ளை.

பத்து மணிக்கு நிலாவெளியிலிருந்து ஒரு அம்மா வந்தார்.
மகளுக்குச் சாமத்தியவீடாம்.
"அந்தக் காட்டுச் சட்டை வேணும்.
கடிச்ச இடத்தோட."
காசு பிரச்சினையில்லை என்றார்.
ஜெனோஷா என்னைப் பார்த்தாள்.

மிச்சத் துணியை மேசையில் விரித்து
மூன்று தரம் வெட்டிப் பார்த்தேன்.
கத்தரி மிகவும் நேராகக் கடிக்கிறது.