இரண்டாம் மாடிக்குக் கீழே

கூத்தாநல்லூரில் இன்று மாதாந்திர மின்நிறுத்தம்,
ஒன்பதிலிருந்து இரண்டு வரை.
பேப்பரில் போட்டிருந்தார்கள்.
வதூது ராவுத்தர் வீட்டில் பேப்பர் வாங்குவதில்லை.

ஃபோன் வந்தபோது நான் மன்னார்குடியில்
ஒரு ஜவுளிக்கடை லிஃப்டுக்குக் கீழே படுத்திருந்தேன்.
"மாட்டிக்கிட்டோம் தம்பி.
அவளும் கூட இருக்கா."
நெல் மூட்டை லாரிகளுக்கு நடுவே பைக்கை விரட்டினேன்.
வெண்ணாற்றில் தண்ணீர் வந்திருந்ததா
என்றுகூடப் பார்க்கவில்லை.

பதினொரு அறை வீடு.
முப்பத்தோரு வருஷ துபாய்
கிரானைட் கிரானைட்டாக வந்து இறங்கியது.
இப்போது இருப்பது இரண்டு பேர்.
லிஃப்டில் நாலு பேர் போகலாம், இருநூற்று எழுபத்திரண்டு கிலோ,
மூன்று பக்கமும் கண்ணாடி.
கரண்ட் போனால் பக்கத்துத் தளத்தில் இறக்கிவிடும் பாட்டரி
போன ஆடியிலேயே செத்துவிட்டது.
பதினெட்டாயிரம் ஆகும் என்றேன்.
"அடுத்த மாசம் பாப்போம்" என்றார்,
ஒவ்வொரு மாசமும்.

படியேறினேன்.
லிஃப்ட் மெக்கானிக் எப்போதும் படியேறித்தான் போகிறான்.
தோள்பையில் ஸ்பானர்களுக்கு அடியில் என் டைரி.
அதில் ஒரு விசிட்டிங் கார்டு வரைந்து வைத்திருக்கிறேன்:
என் பெயர், அதற்குக் கீழே 'உரிமையாளர்'.
வரைந்த பிறகு ஃபோன் நம்பர் இரண்டு தடவை மாறிவிட்டது.

முக்கோணச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு
கதவில் காதை வைத்தேன்.
மூச்சுத் திணறல் மாதிரி கேட்டது.
இல்லை, சிரிப்பு.

"பதினாலு லீவு. லீவுக்கு நாப்பத்தஞ்சு நாள்.
ஆக அறுநூத்தி முப்பது."
"எங்கே? ரெண்டாவது தடவை இருபதே நாள்.
ஓனர் மௌத்துன்னு பெட்டியைத் தூக்கிட்டுப் போனீங்க."
"அப்போ அறுநூத்தி அஞ்சு."
"மூத்தவன் பொறந்தப்போ வந்ததுல
பத்து நாள் உங்களுக்கு அம்மை. பாயில கெடந்தீங்க."
"அதையும் கழிக்கணுமா?"
"வேணாம். அதுலதான் ஒழுங்கா வீட்டுல இருந்தீங்க."

மறுபடி சிரிப்பு.
ஜொகராம்மா சிரித்து நான் கேட்டதே இல்லை.
லிஃப்டில் ஏறியதும் இல்லை, பயம்.
வடகத்தை மாடியில் காக்கா கொத்துது என்று சொல்லி
இன்றைக்குத்தான் அவர் ஏற்றியிருக்கிறார்.

கதவைத் தட்டினேன். சட்டென்று அமைதி.
"காத்து வருதா சார்?"
"வருது, வருது."
"பிரேக்கை விட்டு இறக்கிடறேன், அஞ்சு நிமிஷம்."
உள்ளே ஏதோ கிசுகிசுத்தார்கள்.
பிறகு அந்தம்மாதான் பேசினார்கள்:
"கரண்ட் எப்ப வரும் தம்பி?"
"ரெண்டு மணிக்கும்மா. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு."
"அப்ப வரட்டும். நீங்க டீ குடிச்சிட்டு வாங்க."

டீ குடிக்கப் போகவில்லை.
இத்தாலி மார்பிள் படியில் உட்கார்ந்தேன்.
முதுகுக்குப் பின்னால், இரண்டு தளத்துக்கு நடுவில்,
அவர்கள் நாட்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஒருமுறை ஏதோ பாதிப் பாட்டு.
ஒருமுறை வெகுநேரம் ஒன்றுமே இல்லை.
எழுந்து கூப்பிடலாமா என்று யோசித்தபோது
அவர் தும்மினார்.

நான் தையல்நாயகிக்கு ஃபோன் போட்டேன்.
"என்னங்க, ஏதாச்சும் ஆச்சா?"
பகலில் நான் பேசுவதில்லை.
"ஒண்ணுமில்ல. நமக்குக் கல்யாணமாகி எத்தனை நாள் இருக்கும்?"
"வெயில்ல சுத்தாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு அடித்து நாலு நிமிஷத்தில் கரண்ட்.
மோட்டார் முனகியது, பெட்டி ஏறியது, கதவு விலகியது.
இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில்,
பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி.
கண்ணாடிகளில் மட்டும் நிறைய ராவுத்தர்கள்,
நிறைய ஜொகராக்கள்,
பக்கத்துப் பக்கத்தில்.

ரிப்போர்ட் புத்தகத்தைத் திறந்தேன்.
"பாட்டரி மாத்தணும்னு எழுதிடறேன் சார்.
இந்தத் தடவை விடக்கூடாது."
அவர் பர்சை எடுத்தார்.
அந்தம்மா மாடியைப் பார்த்து நடந்துகொண்டே சொன்னார்கள்:
"எழுதிக்குங்க தம்பி.
அவசரமில்ல."