மெந்தா

பகாவ் ஆலையின் எடைமேடை
நாற்பது கிலோ பொய் சொல்லிக்கொண்டிருந்தது.
பதினொரு மணிக்குள் திருத்தி
முத்திரை குத்திவிட்டேன்.
இனி நாலு மணி பஸ் வரை
உள்ளங்கையளவு கேமராவும் நானும்.

ஊர் ஊராகப் போகிறாய், கொடுத்து வைத்தவள்
என்பாள் புனிதமலர்.
அவள் பார்ப்பது நான் வெட்டி ஒட்டிய மூன்று நிமிடம்.
புக்கிட் பூத்துஸ் வளைவில்
பிளாஸ்டிக் பையை வாய்க்கு நேரே பிடித்தபடி வந்தது
அதில் இல்லை.

ரா வீடியோ பெருந்தீனிக்காரன்.
முப்பத்திரண்டு ஜிபி அட்டை
அதற்குப் பசியாறலுக்கே காணாது.
பதினேழு நொடி ஓடும்,
பிறகு மூச்சு முட்டித் தானே நின்றுவிடும்.
எதை எடுப்பது என்பதைவிட
எதை விடுவது என்றே பொழுது போகும்.

பணம் அனுப்பும் கடை முன்னால்
சம்பளநாள் வரிசையை விட்டேன்.
கோப்பிக்கடைக்காரி ஈரத்துணியால்
நாள்காட்டியைத் துடைத்ததை விட்டேன்,
அதற்கு இன்னும் வருத்தப்படுகிறேன்.
பிறகு ஆலைக்கே திரும்பி நடந்தேன்.

ஷொஹிதுல்.
பழம் கொட்டும் மேட்டில் நிற்பவன்.
லோரி கவிழ்த்த குலைகளுக்குள் கொக்கியை விட்டு
பச்சைக் காயைப் பிரித்து ஓரம் தள்ளுகிறான்.
எத்தனை பச்சை என்று சீட்டில் எழுதுவான்,
தோட்டத்துக்கு அவ்வளவு காசு குறையும்.
லோரிக்காரர்கள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பதினேழு நொடி.
நாலாவதிலேயே என்னைப் பார்த்துவிட்டான்.

காட்டு என்றான்.
சின்னத் திரையில் ஓட்டிக் காட்டினேன்.
எது வெள்ளை என்று இன்னும் சொல்லித் தராத படம்.
சென்சாரில் ஒரு சிவப்புக்கும் ஒரு நீலத்துக்கும்
இரண்டு பச்சை.
முகம், கொக்கி, வானம்
எல்லாம் பாசி பிடித்துக் கிடந்தன.

மெந்தா! என்று கத்தினான்.
எங்களுக்கு நடுவில் இருப்பது மலாய்தான்.
பழுக்காததற்கும் அதே சொல், வேகாததற்கும் அதே சொல்.
எங்கள் பாஷையிலும் அப்படித்தான்,
போதாததற்கு நிறமும் அதுவே
என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.
அவன் கொக்கியைத் தன் நெஞ்சில் வைத்து
ஓரம் தள்ளிக் காட்டினான்.
லோரிக்காரர் சிரித்தார்.

எனக்கு அனுப்பு, வீட்டில் காட்டணும்.
உன் போனில் ஓடாது.
எப்போ ஓடும்?
வீட்டுக்குப் போய் நிறம் ஏற்றினால்.
என் வீட்டுக்கா, உன் வீட்டுக்கா?
பதிலுக்கு நிற்காமல் போனை எடுத்து
என்னைப் பிடித்தான்.
அடுத்த லோரி மேடை ஏறுவதற்குள்
நான் குரிகிராமுக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன்.

இரவு, சிரம்பான்.
மடிக்கணினியின் விசிறி இரைகிறது.
கோட்டை வலப்பக்கம் இழுத்தால் அந்தி,
இடப்பக்கம் இழுத்தால் விடியல்.
உச்சிவெயிலில் எடுத்தது
இரண்டுக்கும் தலையாட்டுகிறது.
தோல் வந்துவிட்டது.
குலையின் செம்மஞ்சள் வந்துவிட்டது.
சட்டை வரவில்லை.
மஞ்சளா, வெளுத்த பச்சையா?
அரை மணி நேரம் எதிரில் நின்ற சட்டை.
முப்பது டன்னில் நாற்பது கிலோவைக் கண்டுபிடித்தவள் நான்.

செய்தி அனுப்பிக் கேட்டேன்.
குரல் வந்தது, பின்னால் கரண்டிச் சத்தம்:
கம்பெனி கொடுத்த சட்டை.
நிறமா? தெரியலையே.
இருட்டில் போடுவேன், இருட்டில் கழற்றுவேன்.
கூடவே அவன் எடுத்த படம்.
முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு கேமரா,
அதன் கீழே என் நீலச் சட்டை
ஊதா என்று போனே முடிவு செய்திருக்கிறது.

நாளைக்கு கெமாஸ்.
அட்டையைக் காலி செய்தாக வேண்டும்.
மணி பன்னிரண்டு.
மஞ்சள் பக்கம் கொஞ்சம் இழுக்கிறேன்,
பிறகு விட்டுவிடுகிறேன்.