ஏழாவது டேக்

நாளொன்றுக்குத் தொண்ணூறு டாலர், சாப்பாடு தனி.
கென்டக்கியில் ஒரு பழைய கல்லூரி ஜிம்;
எங்களை அறுபத்து மூன்றாம் ஆண்டுக்குள் உட்காரவைத்தார்கள்.
எனக்குக் கிடைத்தது பச்சைக் கோட்டு,
எவளோ ஒருத்தியின் வியர்வை இன்னும் அதில் இருந்தது.
கீழ்வரிசைகளில் நாங்கள் இருநூறு பேர்.
மேலே, விளக்கு எட்டாத இடத்தில்,
அட்டையில் வெட்டிய ஆயிரம் பேர்,
தொப்பியும் டையுமாக.

காலையில் வெறுப்பு, என்றாள் உதவி இயக்குநர்
கையிலிருந்த தாளைப் பார்த்து.
சாப்பாட்டுக்குப் பிறகு கைதட்டல்.

அந்தப் பையன் உள்ளே வந்தான்,
பதினொரு வெள்ளைப் பையன்களோடு, பந்தைத் தட்டிக்கொண்டு.
டெவெரோ என்று பெயர். அட்லாண்டாவில் நாடகம் படித்தவன்.
முதல் டேக்கில் எங்களுக்கு வாய் வரவில்லை.
சற்று முன்புதான் காப்பி வரிசையில்
எனக்குச் சர்க்கரை எடுத்துக் கொடுத்திருந்தான்.
பக்கத்தில் டயர் கடை ஹார்லன்
"ஊ" என்றான், கன்றுக்குட்டி மாதிரி.
எல்லோரும் சிரித்துவிட்டோம்.
கட்.

மூன்றாவதில் காகிதக் கோப்பை எறிந்தோம்.
ஐந்தாவதில் யாரோ
தாளில் இல்லாத ஒரு சொல்லைச் சொன்னார்கள்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
ஏழாவதில் என் தொண்டையிலிருந்து வந்தது
எனக்கே தெரியாத ஒரு குரல்.
இல்லை, பொய். என் குரல்தான்.
"அருமை! இதைத்தான் கேட்டேன்,"
ஒலிபெருக்கியில் இயக்குநர்.
பள்ளிப் பிள்ளைகள்போல் பூரித்துப்போனோம்.

கேமராவுக்குப் பின்னால், மடக்கு நாற்காலியில்
ஒரு பெரியவர். கைத்தடி, பளபளக்கும் காலணி.
டெவெரோ யாராக நடித்தானோ, அவர்.
லூஷியஸ் பெட்டிகுரூ, ஆலோசகர்,
என்றது கழுத்தில் தொங்கிய அட்டை.
"எப்படி இருந்தது, சார்?"
சற்று யோசித்தார்.
"சத்தம் ஜாஸ்தி."

பிறகு சொன்னார், அவசரமில்லாமல்:
கத்தினவர்கள் உண்டு. பத்துப் பேர்.
அது வெளியே, கார் நிறுத்துமிடத்தில்.
உள்ளே, நான் கூடை போட்டபோது
ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.
என் கல்லூரி. என் பனியனில் அவர்கள் ஊர்ப் பெயர்.
மற்றவன் போட்டால் கூரை அதிரும்.
நான் போட்டால் பந்து வலையை உரசுவது கேட்கும்.
திரும்பி ஓடுகையில் என் ஷூ கிரீச்சிடுவது கேட்கும்.
அன்றைக்குப் பதினொரு கூடை.
பதினொரு தடவை அது.

கைத்தடியைத் தூக்கி மேல்வரிசையைக் காட்டினார்:
"அதோ, அவர்கள்தான் சரியாக நடிக்கிறார்கள்."

இயக்குநர் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பை
எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.
மௌனம் திரையில் எடுபடாது, சார்.
வேண்டுமானால் அங்கே வயலின் போடலாம்.

சாப்பாடு கோழியும் பீன்ஸும்.
ஒன்றரை மணிக்கு அதே கோட்டு, அதே இருக்கை.
உடைமாற்றும் அறையில்
பயிற்சியாளர் பேசி முடித்துவிட்டாராம்.
ஆகவே நாங்கள் திருந்திவிட்டோம்.
எழுந்து நின்று தட்டினோம். இரண்டே டேக்.
ஹார்லனுக்குக் கண்ணீர்கூட வந்தது.

அந்த நிஜ ஆட்டத்துக்கு என் அப்பா போயிருந்தார்.
அன்றைக்கு என்ன நடந்தது என்று
சின்ன வயதில் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.
"ஒன்றும் நடக்கலையே," என்றார். "நல்ல ஆட்டம்."
அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.
அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்,
அன்று காலைவரை.

விளக்குகளை இறக்கினார்கள்.
அட்டை மனிதர்களை நாலு நாலாக மடித்து
லாரியில் ஏற்றினார்கள்.
பழுப்புத் தொப்பிக்காரன் ஒருவன் மடங்க மறுத்தான்.
லூஷியஸ் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்,
எங்கேயோ பார்த்த முகம்போல.

சம்பளக் கையெழுத்துக்கு நின்றிருந்தேன்.
பேனா என் கையில்தான் இருந்தது.
பத்தடி தூரம். போய் ஏதாவது சொல்லியிருக்கலாம்.
வரிசை நகர்ந்தது.