ஒரு பெயர்ச்சொல்

கழுதை வர ஐந்து நிமிடம் தாமதம்.
வழியில் யாரோ ஒருவரின் மிதியடியைத் தின்றுகொண்டிருந்ததாம்.

அதெரிட்டு சக்கர நாற்காலியில்.
வலக்கை மடியில் கிடக்கிறது,
முந்தைய நோயாளி மறந்துவிட்டுப்போன கையுறை மாதிரி.
கல்லுடைத்த கை.
மார்ச்சில் மூளைக்குள் ஏதோ அடைத்துக்கொண்டதிலிருந்து
ரப்பர் பந்தைப் பிடிக்காது, கரண்டியைப் பிடிக்காது.
வாயும் அப்படித்தான்.
ஏழு மாதமாக ‘ம்ம்’, அவ்வளவே.

லெயோனில்தெ
அந்தக் கையில் பிரஷ்ஷைப் பட்டையால் கட்டுகிறாள்.
கழுத்திலிருந்து முதுகுக்கு, மெதுவாக.
மிராண்டாவின் கழுதைகளுக்குச் சடை அதிகம்;
உள்ளே வைக்கோல், முள்,
செத்த குளவியின் ஒற்றை இறகு.

இழுக்கிறார்.
தோள் முந்துகிறது, கை பின்னால் வருகிறது.
கழுதை ஓரடி நகர்ந்து நிற்கிறது.
செவிலி நாற்காலியை ஓரடி தள்ளுகிறாள்.
மறுபடி இழுப்பு, மறுபடி ஓரடி.
ஓக் மரத்தடியிலிருந்து வேலிவரை இப்படியே,
யாரை யார் மேய்க்கிறார்கள் என்று தெரியாமல்.

வேலியோரம் அது தலையைத் திருப்பி
அவர் சட்டைப் பொத்தானைக் கவ்வியது.

“கழுதை” என்றார் அதெரிட்டு.

முழுதாக. பிசிறில்லாமல்.

லெயோனில்தெ குறிப்பேட்டில் எழுதினாள்:
முதல் சொல். பெயர்ச்சொல். சூழலுக்குப் பொருத்தம்.
செவிலி கைதட்டினாள்,
சமையற்கட்டிலிருந்துகூட யாரோ தட்டினார்கள்.

பெஞ்சில் இருந்த ஃபெலிஸ்பெலா தட்டவில்லை.

முப்பத்தெட்டு வருடம்
அந்தச் சொல்லுக்கு ‘என்ன’ என்று கேட்டவள் அவள்.
சூப்பில் உப்புக் கூடினால்,
சில்லறை குறைந்தால்,
ஒரு முறை மகளின் பள்ளிக்கூட வாசலில்,
டீச்சர் பார்த்துக்கொண்டிருக்க.
இப்போதும் பாதி எழுந்துவிட்டாள்.
முழங்காலுக்குத் தெரியாதே
யாரைக் கூப்பிட்டார் என்று.

ஏழு மாத மௌனத்தில்
அவளுக்குக் கொஞ்சம் சதை போட்டிருந்தது.
தூக்கமும் வந்தது.
அதை அவள் பாதிரியாரிடம்கூடச் சொன்னதில்லை.

“கழுதை.”
இம்முறை குரல் இறங்கி,
நெற்றியை அந்த நெற்றியில் சாய்த்து,
கட்டிய பிரஷ் சடைக்குள் மாட்டிக்கிடக்க.
இந்தச் சொல்லை இப்படியும் சொல்ல முடியுமா?
அப்படியானால் இத்தனை நாள்
எங்கே வைத்திருந்தான் மனுஷன்?

கழுதையின் ஒரு காது அவர் பக்கம்.
மற்றது பின்னால் திரும்பி
பெஞ்சைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் பையைத் திறந்தாள்.
அவருக்காகத் தோல் சீவி, தொண்டையில் சிக்காதபடி
பொடியாக நறுக்கிக் கொண்டுவந்த ஆப்பிள்.
எழுந்து போய்
அவரைத் தாண்டி நின்றாள்;
உள்ளங்கையை விரித்து
கழுதைக்குக் கொடுத்தாள்,
கடைசித் துண்டுவரை.